மேனிக்கு நீர், வாயில்களுக்குக் காவல்: பிறை வட்டாரத்துப் பாட்டிமார்க்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தின் பிறையிலும் செபராங் ஜெயாவிலும் பட்டர்வொர்த்திலும் பேரப்பிள்ளைகளைத் தம் கால்களில் கிடத்திக் குளிப்பாட்டிவரும் பாட்டிமார்க்கும், அதே வேலைக்காக வீடுவீடாகச் சென்றுவரும் ஆயாமார்க்கும் வணக்கம்.

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பியதும் குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்ற கேள்வி எழுவதும், தாயைப் பெற்றவரோ தந்தையைப் பெற்றவரோ, அவர்கள் இல்லாத வீட்டில் அக்கம்பக்கத்துக் கைதேர்ந்த மூதாட்டி ஒருவரோ அப்பொறுப்பை ஏற்பதும் இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் தொடரும் வழக்கமாகும். அவ்வழக்கம் பாதுகாப்புடன் நீடிக்கவேண்டும் என்ற அக்கறையே இம்மடலை எழுதவைத்தது. தமிழ் மரபு மனித உடம்பை ஒன்பது வாயில்கள் கொண்ட வீடாக உருவகித்து வந்துள்ளது. அவ்வுருவகத்தின் வழியே சொல்வதானால், குளிப்பாட்டுதல் என்பது வீட்டின் சுவரைக் கழுவும் செயலாகும். கண், காது, மூக்கு, வாய் முதலிய வாயில்களுக்குள் நீரையோ எண்ணெயையோ விரலையோ ஊதும் மூச்சையோ செலுத்துவது அச்செயலில் அடங்காது. மேனியைப் பாட்டியின் கை பேணட்டும், வாயில்களைக் குழந்தையின் உடலே பார்த்துக்கொள்ளட்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். இனி வருவன யாவும் அவ்வேண்டுகோளுக்கான காரணங்களும் வழிமுறைகளும் ஆகும்.

குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில், முதலாவதாகிய காப்புப் பருவம் மூன்றாம் மாதத்துக்கு உரியதாகக் கொள்ளப்படுவதால், பிறந்தவுடன் வரும் நாள்களுக்கு அதில் இடமில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் நீராடற் பருவமும் ஓரளவு வளர்ந்த சிறுமியின் புனலாட்டையே பாடுகிறது. தலை நிற்காத, கண் சரியாகத் திறக்காத பச்சிளங்குழந்தையை நீராட்டும் அறிவு, பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், தாயிடமிருந்து மகளுக்குக் கை வழியாகவே வந்துசேர்ந்த அறிவாகும். கை வழியாக வரும் அறிவுக்குச் சிறப்பும் உண்டு, குறையும் உண்டு. எத்தனை விரலால் கழுத்தைத் தாங்குவது, எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பனவற்றை எந்த நூலாலும் அவ்வளவு துல்லியமாகக் கற்பிக்க இயலாது என்பது அதன் சிறப்பு. ஏற்றதும் ஏலாததும் பிரித்தறியப்படாமல் ஒன்றாகவே கைமாறிவிடுவது அதன் குறை.

புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று முன்பு அழைக்கப்பட்ட செபராங் பிறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தனர். ரப்பர் பின்னர் வந்தது. மருத்துவர் எளிதில் எட்டாத தோட்டத்து லயன் வீடுகளில், மருத்துவச்சியும் மூத்த பெண்களுமே பிள்ளைப்பேற்றையும் அதற்குப் பின்னான பராமரிப்பையும் தாங்கினர் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும். அதே வேளையில், மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என்பதையும், அவ்விகிதம் இன்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருப்பதற்குத் தூய குடிநீர், தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, பயிற்சி பெற்ற தாதியரின் வீட்டு வருகை ஆகியவை துணைநின்றன என்பதையும் மறக்கலாகாது. பல பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர் என்னும் பெருமை உண்மையானதே. ஆயினும் அக்காலத்தில் வளராமற்போன பிள்ளைகள் எதனால் போயின என்று ஆராய்ந்து சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை. அந்த ஆராய்ச்சி பின்னர் நடந்தது. அதன் முடிவுகள் பாட்டிமார் கைக்கு வந்துசேர வேண்டும்.

முதலில், எப்போது குளிப்பாட்டலாம் என்பது. பிறந்த குழந்தையின் உடலில் வெண்ணெய் தடவியதுபோன்ற ஒரு வெண்பூச்சு ஒட்டியிருக்கும். வெர்னிக்ஸ் எனப்படும் அப்பூச்சு, கருப்பை நீரில் ஊறிக்கிடந்த தோலைக் காத்ததோடு, பிறந்த பின்னும் தோலின் ஈரத்தைக் காத்துக் கிருமிகளைத் தடுக்கும் தன்மை உடையது. அழுக்கென்று கருதி அதைத் தேய்த்தெடுக்க வேண்டியதில்லை, சில நாள்களில் தானே தோலில் கலந்து மறையும். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையின் முதற் குளியலைக் குறைந்தது 24 மணிநேரமாவது தள்ளிவைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குளிரால் உடல் வெப்பம் குறைவதையும், அதனால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்வதையும், தாய்ப்பால் குடிக்கத் தொடங்குவது தாமதப்படுவதையும் இக்காத்திருப்பு தவிர்க்கிறது. குழந்தையின் எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ மாதம் நிறையுமுன் பிறந்திருந்தாலோ, மருத்துவரோ தாதியோ இசையும்வரை முழுக்குளியலை விட்டுவிட்டு, தாயின் மார்போடு அணைத்து வெப்பம் காப்பதே அக்குழந்தைக்கு ஏற்ற பராமரிப்பாகும்.

வெயில் காயும் பினாங்கில் குழந்தைக்கு எப்படிக் குளிரும் என்ற ஐயம் இயல்பானதே. மண்பானை நீர் குளிர்வதற்கான காரணமே இதற்கும் காரணம்: பானையின் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச்செல்வதைப்போல, நனைந்த தோலின் ஈரமும் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. பச்சிளங்குழந்தைக்கு எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட மிகுதி. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் அதற்கு இல்லை. பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைக் கொழுப்பைக் கரைத்தே அது தன்னைச் சூடேற்றிக்கொள்கிறது. ஆகவே வெளியே 32 பாகை வெயில் இருந்தாலும், அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் காற்றாடி சுழல, ஈரமேனியாய்க் கிடக்கும் குழந்தை சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும். குளிப்பாட்டும் இடத்தில் காற்றாடியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துவதும், எதிரெதிர்ச் சன்னல்களைச் சாத்துவதும், துவாலையையும் மாற்றுடையையும் கையெட்டும் தூரத்தில் முன்கூட்டியே விரித்துவைப்பதும் இதற்காகவே. குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. உள்ளங்காலும் வயிறும் ஒருசேரச் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிர்ந்துவிட்டது என்று பொருள்.

நீரின் சூடு அடுத்தது. குழந்தைக்கு ஏற்ற நீர் 37 அல்லது 38 பாகை அளவினது. அதாவது உடலின் வெப்பத்தை ஒட்டியது, தொட்டால் சுடுவதாகவோ சில்லென்றோ தோன்றாதது. பேசினில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்பின் வெந்நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையால் நன்றாகக் கலக்க வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றிவைத்தால், தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரத்தில் விபத்து நேர இடமுண்டு. 60 பாகைச் சூடுள்ள நீர் பெரியவரின் தோலையே சில வினாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும் என்றால், அதனினும் மெல்லிய குழந்தைத் தோலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை நீரில் இருக்கும்போது வெந்நீரைச் சேர்ப்பதும், குழாயையோ சுடுநீர்க் கருவியையோ திறந்து நேராகக் குழந்தைமேல் பிடிப்பதும் கூடாது. குழாயில் வரும் நீரின் சூடு திடீரென ஏறவும் இறங்கவும் செய்யும்.

கால்களில் கிடத்திக் குளிப்பாட்டும் முறையை உற்றுநோக்கினால், அதன் அமைப்பில் உள்ள நுட்பம் புலப்படும். தாழ்ந்த மணையில் அமர்ந்து, கைலியை முழங்காலுக்குமேல் ஏற்றிக் கட்டி, இரு கால்களையும் ஒட்டி நீட்டியதும், அவற்றின் நடுவே ஒரு பள்ளம் உண்டாகிறது. அப்பள்ளத்தில் கிடத்தப்படும் குழந்தை உருண்டுவிடாமல் இருபுறமும் காலே அணைசெய்கிறது. ஊற்றிய நீர் தேங்காமல் பாதங்களுக்கிடையே வழிந்தோடிவிடுகிறது. இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் ஆழ நீரிலேகூடக் குழந்தை மூழ்கிவிடும் என்பதால், நீர் தேங்காத இம்முறைக்கு மூழ்கும் ஆபத்துக் குறைவு என்பது ஒரு பெருங்குணம். அதனினும் நுட்பமானது, ஊற்றும் நீர் பாட்டியின் கணுக்காலையும் முழந்தாளையும் தொடுவதால், அக்கால்களே சூடறியும் கருவியாக அமைவதாகும்.

அக்கருவி சில வேளைகளில் பழுதுபட்டிருக்கும் என்பதே இங்குக் கருதவேண்டிய செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இனிப்புநீர் என்றும் சொல்லப்படும் இந்நோய் நீண்டநாள் இருந்தால் நரம்புகள் தளர்ந்து, சூடும் வலியும் உணரும் ஆற்றல் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் குறைந்துகொண்டே வரும். அத்தகைய பாட்டியின் காலுக்கு இதமாகத் தோன்றும் நீர் குழந்தைக்குச் சுடுநீராக இருக்கக்கூடும். ஆகவே நீரிழிவு உள்ள பாட்டிமார் கால்களின் உணர்வை மட்டும் நம்பாமல், குழந்தையின் தாயை அழைத்து அவரது முழங்கையின் உட்புறத்தையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ நீரில் தோய்த்துப் பார்க்கச் சொல்வதும், இயன்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்வெப்பமானியை வாங்கி வைத்துக்கொள்வதும் மிக நல்லது. இது பாட்டியின் திறமைமேல் எழும் ஐயமாகாது. நோயால் மங்கிய உணர்வுக்குத் தரும் துணையாகும்.

கால்மேல் குளிப்பாட்டும்போது காக்கவேண்டிய சில ஒழுங்குகளும் உண்டு. எண்ணெய் பூசிய குழந்தை வழுக்கும் என்பதால், கழுத்தின்கீழ் உள்ளங்கையும் அக்குளைச் சுற்றி விரல்களும் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். குப்புறக் கிடத்தும் நேரம் குறுகியதாகவும், அப்போது முகம் பக்கவாட்டில் திரும்பி மூக்கு தடையின்றியும் இருக்க வேண்டும். உயரத்திலிருந்து மொண்டு ஊற்றும் நீர் மூக்கிலும் வாயிலும் அடித்துக் குழந்தையைத் திணறவைக்கும். குவளையை மேனியோடு ஒட்டிப் பிடித்துச் சிறிது சிறிதாகச் சாய்த்தாலே போதும். குளியலறைத் தரையில் சோப்பும் எண்ணெயும் படிந்து வழுக்குவதால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும் வேளையே விழுவதற்கு வாய்ப்பான வேளையாகும். அதனால் துடைத்துச் சுற்றிய குழந்தையை முதலில் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பாட்டி எழுவது நல்லது. தொலைபேசி ஒலித்தாலும், வாசலில் எவர் அழைத்தாலும், குழந்தையை நீரருகே ஒரு நொடியும் தனியே விடலாகாது. முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத பாட்டிமார், மேசைமேல் வைத்த பேசினில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீர் விட்டு, ஒரு கை தாங்க மறு கையால் கழுவலாம். முறை மாறினாலும் பயன் மாறாது.

எந்த உறுப்பை முதலில் கழுவுவது என்பதற்கும் ஒழுங்குண்டு. குழந்தை துவாலையில் சுற்றப்பட்டிருக்கும்போதே, சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் கண்களை மூக்கின் பக்கமிருந்து காதின் பக்கமாக, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று துடைத்து, பின் முகத்தையும் துடைக்க வேண்டும். உடல் மூடியிருக்கவே தலையைக் கழுவி உடனே துவட்டவேண்டும். உடலின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலையாக இருப்பதால், ஈரத்தலை வழியே வெப்பம் விரைந்து வெளியேறும். அதன்பின்னரே துவாலையை அவிழ்த்து, கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளையும் இறுதியில் மலசலம் கழிக்கும் பகுதியையும் கழுவவேண்டும். மொத்தக் குளியலும் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடியவேண்டும். பால் குடித்த உடனேயும் கூடாது, பசித்து அழும்போதும் கூடாது. இந்நாட்டு வெப்பத்தில் நாள்தோறும் குளிப்பாட்ட விரும்பினால் குறுகிய குளியலாக அது அமையட்டும். ஒருநாள் துடைத்தெடுப்பதோடு நிறுத்தினாலும் குழந்தைக்குக் குறைவொன்றும் வராது.

எண்ணெய் தேய்ப்பது குறித்துப் பாட்டிமார் மகிழத்தக்க செய்தி உண்டு. நலமான குழந்தையின் உடலை மென்மையாக நீவிவிடுவது வளர்ச்சிக்கு நலம் தரக்கூடும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் ஏற்கின்றன. மணமூட்டப்படாத தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, இதமாக நீவுவது அதற்குப் போதும். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் குழந்தைத் தோலின் காப்புப் படலத்தைத் தளர்த்துவதாக அறியப்பட்டிருப்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். மூக்கு எடுப்பாக வரட்டும் என்று இழுப்பதும், தலை உருண்டையாகட்டும் என்று அழுத்துவதும், கைகால்களை முறுக்கி மடக்குவதும் நீவுதலில் சேரா. பிறப்பின்போது ஒடுங்கிய தலை சில வாரங்களில் தானே வடிவம் பெறும். உச்சிக்குழி என்பது மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராத மென்மையான இடம், பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் அது தானே மூடிக்கொள்ளும் என்பதால் அதையும் அழுத்த வேண்டா.

கடலை மாவும் பாசிப்பயற்று மாவும் பெரியவர்களுக்கு உகந்தவையே. பச்சிளங்குழந்தையின் தோல், பிறந்தபின் சில வாரங்களில்தான் மெல்லிய அமிலத்தன்மை பெற்றுக் கிருமிகளைத் தடுக்கும் நிலையை அடைகிறது. அதற்குமுன் மாவின் துகள்கள் உராய்வதும், மடிப்புகளில் தங்கி ஊறுவதும், காரமிக்க சோப்பு அந்த அமிலத்தன்மையைக் கெடுப்பதும் தோலுக்குத் தீங்கு. முதல் மாதத்துக்குத் தூய நீரே போதுமானது. வேண்டுமெனில் குழந்தைகளுக்கான மென்மையான திரவச் சோப்பைச் சில துளிகள் சேர்க்கலாம். கிருமிநாசினி மருந்தைக் குளியல் நீரில் கலக்க வேண்டியதில்லை.

இனி வாயில்கள். மூக்கில் எண்ணெய் விட்டால் சளி இளகும் என்ற நம்பிக்கை நெடுங்காலத்தது. நீர் புரையேறினால் குழந்தை இருமி வெளியேற்றும். எண்ணெயோ இருமலை எழுப்பாமலே வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, எண்ணெய் நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்நோயைப்பற்றிய கட்டுரை ஒன்று 1973ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. குளிப்பாட்டியபின் மூக்கிலோ வாயிலோ வாய்வைத்து ஊதிச் சளி எடுப்பதும், தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுவதும் இதைப்போன்றே ஆபத்தானவை: பெரியவரின் எச்சிலில் உள்ள கிருமி நேரே குழந்தையின் மூச்சுப்பாதையை அடைகிறது, நகம் பட்டுத் தொண்டையின் மென்படலம் கிழிகிறது. தும்மலே குழந்தையின் மூக்கைத் தூய்மையாக்கும் கருவி என்பதால், குழந்தை அடிக்கடி தும்முவது சளியின் அடையாளம் ஆகாது. காதுக்கும் எண்ணெய் வேண்டா. வெளிமடலைத் துவாலை நுனியால் ஒற்றினால் போதும். கண்ணில் விளக்கெண்ணெய் விடுவதும், குளித்தபின் கண்ணுக்குள் மை தீட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். சிலவகை மைகளில் ஈயம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. கண்ணேறு கழிக்கும் பொட்டைக் குழந்தையின் கைக்கு எட்டாத உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம்.

தாயின் உடலிலிருந்து வந்த சுரப்புநீர்களால் பிறந்த குழந்தையின் மார்பு, ஆணாயினும் பெண்ணாயினும், சிறிது வீங்கி அதில் பால்போன்ற நீர் கசிவதுண்டு. அதைப் பிழிந்தெடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும் என்று அஞ்சிக் குளிப்பாட்டும்போது பிழியும் வழக்கமே, கிருமி புகுந்து மார்பில் சீழ்க்கட்டி தோன்றக் காரணமாகிறது. தொடாமல் விட்டால் சில வாரங்களில் வீக்கம் தானே அடங்கும். ஆண்குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவுவதும் தேவையற்றது.

தொப்புள், பச்சிளங்குழந்தைக்கு இன்னும் மூடப்படாத ஒரு வாயிலாகும். கொடி பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நாள்களுக்குள் காய்ந்து விழும். கொடி விழும்வரை உடலைத் துடைத்தெடுக்கச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு, தொடக்கத்திலிருந்தே பேசினில் குளிப்பாட்டக் கற்பிக்கும் மருத்துவமனைகளும் உண்டு. எம்முறையாயினும் குளித்தபின் கொடியின் அடிப்பகுதியை ஒற்றி உலர்த்துவதும், இடைக்கச்சையை அதன்கீழே மடித்துக் காற்றுப்படவிடுவதும் பொதுவான விதி. மஞ்சள், சாம்பல், வசம்புக் கரி, எண்ணெய், பவுடர் ஆகிய எதையும் அதன்மேல் வைக்கலாகாது. கொடியைச் சுற்றித் தோல் சிவந்தாலோ, சீழோ துர்நாற்றமோ தோன்றினாலோ, இரத்தம் நில்லாமல் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

குளித்தபின் போடும் சாம்பிராணிப் புகையைப்பற்றியும் சொல்லவேண்டும். கதவடைத்த அறையில் கரிநெருப்பு எரியும்போது, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்கிறது. புகையின் நுண்துகள் குழந்தையின் நுரையீரலை உறுத்துகிறது. தூபக்கால் கவிழ்ந்தால் தீக்காயம். தலையை உலர்த்தப் பருத்தித் துவாலை போதும். பூசைக்குரிய சாம்பிராணி பூசையறையிலேயே மணக்கட்டும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மார்பில் தடவுவது அதனினும் கொடிது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்சென்று குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கவல்லது. பவுடர் தூவினால் அதன் தூசும் மூச்சிலேயே போய்ச்சேரும்.

குளிப்பாட்டும் நேரம் குழந்தையின் உடல் முழுவதையும் பார்க்கக் கிடைக்கும் நேரமும் ஆகும். பிறந்த சில நாள்களில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்ற நிறமி தோலில் தங்குவதால் தோன்றுவது. அது முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும். அளவு மீறினால் அந்நிறமி மூளையைத் தாக்கி, வாழ்நாள் முழுதும் மாறாத குறையை உண்டாக்கக்கூடும். சன்னலோரப் பகல்வெளிச்சத்தில் நெற்றியிலும் மார்பிலும் விரலை வைத்து அழுத்தி எடுத்து, அவ்விடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்ப்பது பாட்டியின் கண்ணுக்கு எளிய வேலை. மேனியில் மஞ்சள் பூசிவிட்டால் இந்த அடையாளம் மறைந்துபோகும். குழந்தைக்கு மஞ்சள் பூசவேண்டா என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். காமாலைக்கு வெயிலில் காட்டுவதும் மூலிகை நீரில் குளிப்பாட்டுவதும் மருந்தாகா. மருத்துவமனையின் ஒளிச்சிகிச்சையே மருந்து.

இதனோடு சேர்ந்தது ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருப்பதே இக்குறைபாடு. மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் கொடியின் இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். இக்குறைபாடு உள்ள குழந்தை அந்துருண்டையின் நெடிபட்டாலே சிவப்பணுக்கள் விரைந்து சிதைந்து கடும் காமாலைக்கு ஆளாகக்கூடும். குளித்த குழந்தையைச் சுற்றுவதற்கு, பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திய பழைய பருத்திச் சேலையைக் கிழித்தெடுப்பது பாட்டிமாரின் அன்பான வழக்கம். அச்சேலையோடு அந்துருண்டை போட்டு வைத்திருந்தால், மிருதுவான அத்துணியே நஞ்சாகிவிடும். சோதனை முடிவு எதுவாயினும், குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையே வேண்டா என்பது பாதுகாப்பான விதி.

குளியலுக்குப்பின் குழந்தை நன்றாக உறங்குவதைக் கண்டு பாட்டிமார் நிறைவடைவது இயல்பு. ஆனால் காமாலை கண்ட குழந்தையும், குளிர்ந்துபோன குழந்தையும், கிருமித்தொற்று கண்ட குழந்தையும்கூடச் சோர்ந்து உறங்கும். ஆகையால் இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பாலூட்டவேண்டும். எழுப்பியும் குடிக்காத குழந்தை, நிமிடத்துக்கு 60 முறைக்குமேல் மூச்சுவிடும் குழந்தை, மூச்சிழுக்கும்போது மார்புக்கூடு உள்வாங்கும் குழந்தை, வலிப்பு கண்ட குழந்தை, காய்ச்சலோ சில்லிடுதலோ கண்ட குழந்தை, பிறந்த முதல்நாளிலேயே மஞ்சள் கண்ட குழந்தை, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளான குழந்தை ஆகியோரை வீட்டில் வைத்தியம் எதுவும் பாராமல் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 999.

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் நீர்க்குழாய்த் தடுக்கிதழ்களை மாற்றுவதற்காக நீர் வழங்கல் தடைப்பட்டபோது, வீடுகள்தோறும் வாளிகளிலும் தொட்டிகளிலும் நீர் சேமிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் பச்சிளங்குழந்தைக்குத் தேவை, மூடிவைத்த பாத்திரத்திலுள்ள இரண்டு மூன்று லிட்டர் தூயநீரும் துடைப்பதற்கு ஒரு மெல்லிய துணியும் மட்டுமே. பலநாள் திறந்துகிடந்த நீரில் குளிப்பாட்டுவதைவிடத் துடைத்தெடுப்பதே மேல். சேமித்த வாளிகளை மூடிவைப்பது, அதே வீட்டில் தவழும் மூத்த குழந்தையின் உயிரையும் காக்கும்.

இறுதியாக, குடும்பத்தின் இளையோருக்கும் ஒரு கடமை உண்டு. 2023 ஜனவரி முதல் மலேசியத் தொழிற்சட்டப்படி மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருந்தாலும், பிறைத் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் தாய் அந்நாள்கள் முடிந்ததும் திரும்பவேண்டியவரே. குழந்தையைக் கொடுத்துச்செல்லப் பாட்டியின் மடியே பல வீடுகளில் முதல் துணை. அத்துணையை அறியாமையென்று இகழ்ந்து ஒதுக்கும் மகளும் மருமகளும் நல்லதொரு கையை இழப்பார்கள். அஞ்சி வாய்மூடி நிற்போர் குழந்தையைக் காக்கத் தவறுவார்கள். வீட்டுக்கு வரும் தாதியின் முன்னிலையிலேயே ஒருமுறை பாட்டி குளிப்பாட்ட, தாயும் உடனிருந்து பார்க்க, எதைத் தொடர்வது எதை விடுவது என்று மூவரும் பேசித் தெளிவது சிறந்த வழியாகும். தாதியரும் பாட்டியிடம் குறைகாணுமுன், கழுத்தைத் தாங்கும் அக்கையின் பக்குவத்தைக் கண்டு பாராட்டிவிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னால், சொல் தங்கும்.

எண்ணெய்க் கிண்ணம் மேனிக்கு மட்டும் பயன்பட்டபின் மூடிவைக்கப்படட்டும். குவளை நீர் முதலில் பாட்டியின் கையையும் தாயின் மணிக்கட்டையும் தொட்டபின் குழந்தையைத் தொடட்டும். துவட்டிய குழந்தை உலர்ந்த துணியில் தாயின் மார்பைச் சேரட்டும். இவ்வளவையும் கைக்கொண்டால், கை வழியாக வந்த அறிவு குறை நீங்கிய அறிவாக அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும் என்ற நம்பிக்கையோடு இம்மடல் பாட்டிமாரை வணங்கி நிறைவுறுகிறது.

இங்ஙனம்,
பச்சிளங்குழந்தைகளின் நலம் நாடுவோர்,
பிறை, பினாங்கு.